வெட்டுக்கத்திக்கு எந்த இறக்கம்?

பெரிய கத்தி ஒன்று அடிப்பிக்கப் போகிறவர்கள் கம்மாலையில், அதாவது கொல்லர் பட்டறையில், முதலில் சொல்வது நீளம். அப்புறம் பிடி எந்த மரம் என்பது. பாரத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசுவார்கள். தடித்த முதுகிலிருந்து கூரான வாய்வரை அலகு எப்படி மெலிந்து வர வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைப் பாஸ், அதாவது கத்தி அடிக்கும் கொல்லர், தன் கைப்பழக்கத்தில் செய்துவிடுவார். ஆனால் கத்தி செவ்விளநீருக்குள் இறங்குமா, பாதியில் நின்றுவிடுமா, ஆட்டுக்கால் எலும்பில் பட்டால் வாய் பல்லுப்பல்லாகுமா என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த மெலிவுதான். ஆங்கிலத்தில் கிரைண்ட் என்பார்கள். நான் இங்கே இறக்கம் என்று எழுதுகிறேன்.

இதை எழுதக் காரணம் என் மச்சான். கொழும்பு வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோகிறார். "ஒரு கத்திதான் அத்தான் வைக்க இடம் இருக்கு. எதை அடிக்கச் சொல்ல?" என்று கேட்டார். அவருடைய வேலைகள் எனக்குத் தெரியும். மாதம் இரண்டு தடவை மாமியார் வீட்டிலிருந்து வரும் செவ்விளநீர்க் குலை. பலாக்காய், ஈரப்பலாக்காய், பூசணி. தீபாவளிக்கும் வேறு சில நாட்களுக்கும் எலும்போடு ஆட்டிறைச்சி. இவை மூன்றும் மூன்று விதமான எதிரிகள். ஒரே அலகு மூன்றுக்கும் முழுதாக நியாயம் செய்யாது. எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

எனக்குச் சொல்ல ஓரளவு தகுதி இருக்கிறது. போன வருடம் பஞ்சிகாவத்தையில் பழைய வான் ஒன்றின் ஸ்பிரிங் பட்டை வாங்கி, ஹங்வெல்லப் பக்கம் ஒரு கம்மாலையில் மூன்று அலகுகள் அடிப்பித்தேன். மூன்றும் ஒரே இரும்பு, ஒரே அளவு: 30 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், முதுகில் 5 மி.மீ. தடிப்பு. கூர் வைப்பதற்கு முன் மூன்றின் வாயும் அரை மி.மீ. இறக்கம் மட்டும் வேறு வேறு. பாஸ் முதலில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இரண்டாவதை அடிக்கும்போது அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது.

முதலாவது முழுத்தட்டை. முதுகிலிருந்து வாய்வரை இரண்டு பக்கமும் நேர்கோடாக இறங்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒல்லியான ஆப்பு.

இரண்டாவது பாதித்தட்டை. மேலே 35 மி.மீ. வரை முழுத் தடிப்பில் இருக்கும். கீழே 25 மி.மீ.யில் மட்டும் சட்டென்று இறங்கும். கடைகளில் தொங்கும் பெரிய கத்திகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். தேய்க்க வேண்டிய இரும்பு குறைவு, வேலை சீக்கிரம் முடியும்.

மூன்றாவது குவி இறக்கம். முதுகிலிருந்தே மெலிகிறது, ஆனால் நேர்கோடாக இல்லை. புளியங்கொட்டையின் முதுகு போல மெல்லிய வளைவு, வாய்க்குக் கிட்ட வரும்போது வேகமாக மெலியும். மலாய் நாட்டுப் பராங், நேபாளத்துக் குக்ரி எல்லாம் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

இந்த மூன்றையும் விட்டால் குழி இறக்கம் ஒன்று, ஒருபக்க இறக்கம் ஒன்று உண்டு. அவற்றைப் பற்றிக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் பாரம். இரும்பின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 7.85 கிராம். தேய்க்காத பட்டையாக இருந்தால் இந்த அளவுக்கு அலகு மட்டும் 700 கிராம் வரும். முழுத்தட்டையாக இறக்கினால் 390 கிராமுக்கு வந்துவிடுகிறது. கிட்டத்தட்டப் பாதி. குவி 495 கிராம். பாதித்தட்டை 575 கிராம். நீளமும் அகலமும் முதுகுத் தடிப்பும் ஒன்றாக இருக்க, இறக்கம் ஒன்றை மாற்றியதில் 185 கிராம் வித்தியாசம். "பாரமான கத்தி வேணும்" என்று கம்மாலையில் சொல்லும்போது உண்மையில் இறக்கத்தைப் பற்றித்தான் சொல்கிறோம், தெரியாமலே.

அடுத்தது இதைவிட முக்கியம். வாயிலிருந்து 10 மி.மீ. மேலே அலகு எவ்வளவு தடிப்பு? முழுத்தட்டையில் 1.25 மி.மீ. குவியில் 1.9 மி.மீ. அளவில். பாதித்தட்டையில் 2.3 மி.மீ. இந்த ஒரு எண் கத்தியின் குணத்தில் முக்கால்வாசியைச் சொல்லிவிடும். கூர் என்று நாம் தடவிப் பார்ப்பது வாயின் கடைசி அரை மி.மீ. மட்டும். அது காயின் தோலைத் திறந்துவிடும். திறந்த பிறகு உள்ளே போக வேண்டியது இந்தப் பத்து மில்லிமீற்றர்தான். சவரம் செய்யும் அளவுக்குக் கூராக இருக்கும் பாதித்தட்டை பூசணியில் பாதியில் நிற்பதற்கும், கொஞ்சம் மழுங்கிய முழுத்தட்டை வழுக்கிக்கொண்டு கீழே இறங்குவதற்கும் காரணம் இதுதான்.

செவ்விளநீரில் தொடங்கினேன். பச்சை மட்டை என்பது ஈரமான நார். அடியின் வேகத்தில் மெல்லிய வாய் நாரை அறுத்துக்கொண்டு போகும், தடித்த வாய் நாரை நசுக்கிக்கொண்டு நிற்கும். முழுத்தட்டை இங்கே ராஜா. காயின் தலையைச் சீவ மூன்று அடி போதுமாக இருந்தது. குவிக்கு மூன்றோ நான்கோ. பாதித்தட்டைக்கு ஐந்து ஆறு அடி. அதற்குள் மட்டை பஞ்சு பஞ்சாகிவிடும். பாதித்தட்டையின் பாரம் உதவும் என்று நினைத்திருந்தேன். உதவவில்லை. 185 கிராம் கூடுதல் பாரத்தால் வந்த பலம், வாய்க்கு மேலே இருக்கும் அந்தத் தடித்த தோளைத் தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது.

பலாக்காயில் கதை மாறுகிறது. முழுத்தட்டை உள்ளே போவதில் குறையே இல்லை, பிரச்சினை வெளியே எடுப்பதில். அலகின் இரண்டு பக்கமும் முழுதாகக் காயோடு ஒட்டிக்கொள்கிறது. ஈரப்பலாக்காய், பூசணி போன்ற மாப்பிடிப்பான காய்களிலும் அப்படித்தான், அறைந்த மாதிரி பிடித்துக்கொள்ளும். பலாப்பால் வேறு பசை. தேங்காயெண்ணெய் பூசாமல் பலாக்காயில் கத்தியை வைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் பாதிக் காய் வெட்டி முடிவதற்குள் எண்ணெய் போய்விடும். குவி இறக்கம் இங்கேதான் தன்னைக் காட்டியது. வளைந்த பக்கம் காயை முழுதாகத் தொடுவதில்லை. வளைவின் புடைப்பு மட்டும் தொடும், மற்ற இடத்தில் காற்று போகும். காய் இரண்டு பக்கமும் தானாக விலகுகிறது. அலகைச் சற்று அசைத்தால் வந்துவிடுகிறது. ஒரு பெரிய பலாக்காயைத் துண்டாக்கி முடிக்க முழுத்தட்டையில் எத்தனை தடவை பிடித்து இழுக்க வேண்டியிருந்தது என்று என் மணிக்கட்டு இன்னும் சொல்லும். பாதித்தட்டை வெடிக்க வைக்கும். பூசணியை அது வெட்டுவதில்லை, ஆப்பு அடித்துப் பிளக்கும். துண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

எலும்பு. இதில் ஒன்றை முதலிலே சொல்ல வேண்டும். வீட்டில் தொடை எலும்பின் நடுவில் வெட்டத் தேவையே இல்லை. மூட்டைக் கண்டுபிடித்து வெட்டினால் எந்தக் கத்தியும் பிழைக்கும். ஆனால் விலா எலும்பும் முதுகெலும்பும் வெட்டத்தான் வேண்டும், கை தவறினால் கெட்டி எலும்பிலும் படும். எலும்பில் பட்ட மெல்லிய வாய் இரண்டில் ஒன்றுதான் செய்யும். இரும்பு மென்மையாக இருந்தால் மடியும், கடினமாக இருந்தால் உதிரும். என் முழுத்தட்டையில் மூன்று இடத்தில் வாய் மடிந்து வெளிச்சத்தில் மினுங்கியது. பாதித்தட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது இதற்காகவே பிறந்தது. இறைச்சிக்கடையில் புளியங்கட்டையில் நாள் முழுக்க வெட்டுகிறவருக்கு நான் தயங்காமல் பாதித்தட்டையைச் சொல்வேன். குவியில் ஒரு இடத்தில் சின்னதாக மடிந்தது. கல்லில் நாலு இழுப்பில் சரியானது. வளைவு, வாய்க்குப் பின்னால் உடனே இரும்பைச் சேர்த்துவிடுகிறது. அதனால் அடி விழும்போது வாய்க்கு முட்டுக்கொடுக்க ஆள் இருக்கிறது.

மச்சான் நினைக்காத ஒரு விஷயம் சத்தம். கீழ்வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். தீபாவளியன்று விடிய ஆறு மணிக்கு ஐந்தாம் மாடியில் கட்டையில் விழும் ஒவ்வொரு அடியும் நான்காம் மாடியின் கூரையில் விழும். கட்டைக்குக் கீழே நனைத்த சாக்கை நாலாக மடித்துப் போட்டால் பெருமளவு குறையும். ஆனால் அடியின் எண்ணிக்கையையும் பலத்தையும் குறைப்பது கத்தியின் வேலை. அந்தக் கணக்கில் பாதித்தட்டை ஃபிளாட்டுக்குள் வரவே கூடாது.

இதுவரை படித்தவர்களுக்குக் குவி இறக்கம்தான் வெற்றி என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு பெரிய நிபந்தனை இருக்கிறது: அதற்கு யார் சாணை பிடிப்பார்கள்?

தெருவில் வரும் சாணைக்காரரின் உருளும் கல் எந்தக் கத்தியையும் ஒரே மாதிரித்தான் தேய்க்கும். வளைவைக் காப்பாற்ற அவருக்கு நேரமும் இல்லை, நாம் கொடுக்கும் காசுக்கு அது நியாயமும் இல்லை. இரண்டு தடவை கொடுத்தால் குவி போய், வாயில் ஒரு சின்னப் பாதித்தட்டை உட்கார்ந்துவிடும். இன்னொரு ஆபத்து சூடு. என்னுடைய வேறொரு நல்ல கத்தியை ஒரு கடையில் கொடுத்தேன். கிரைண்டரில் தண்ணீர் இல்லாமல் தேய்த்து, வாய் நெடுக நீலம் பாரித்துக் கொண்டுவந்து தந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நீலம் என்றால் அந்த இடம் 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். கார்பன் இரும்புக் கத்தியைப் பதம் போட்ட பிறகு, அதாவது காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கிய பிறகு, 200 பாகையைச் சுற்றி மறுபடி சூடாக்கித்தான் தணிப்பார்கள். வைக்கோல் மஞ்சள் நிறம் வரும் அளவு. அதைத் தாண்டி நீலத்துக்குப் போனால் பதம் இறங்கிவிட்டது. அந்த வாய் அதற்குப் பிறகு ஒரு கிழமைகூடக் கூர் நிற்கவில்லை. நீலம் போகும்வரை கையால் தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை. அரை நாள் போனது.

ஆகவே, வெளியில் சாணைக்குக் கொடுப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால் குவியை மறந்துவிடுங்கள். முழுத்தட்டையை எடுங்கள். அதைக் கெடுப்பது கஷ்டம், திருத்துவது சுலபம். தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்கச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள்.

வீட்டில் நீங்களே பிடிப்பதானால் குவிக்குக் கஷ்டமான சாமான் ஒன்றும் வேண்டாம். பழைய இறப்பர் செருப்பின் அடியை ஒரு பலகையில் ஒட்டி, அதன்மேல் 400ஆம் இலக்கச் சாண்ட் பேப்பர், அப்புறம் 800. கத்தியைப் படுக்கவைத்து முதுகுப் பக்கமாக இழுக்க வேண்டும், வாயை முன்னே தள்ளக் கூடாது. இறப்பர் அமுங்கி வளைவைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். தட்டையான கல்லில் பிடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 6 செ.மீ. அகலமான அலகின் முதுகைக் கல்லிலிருந்து 2 செ.மீ. உயர்த்தினால் ஏறத்தாழ 20 பாகை, 2.5 செ.மீ. உயர்த்தினால் 25 பாகை. காய்க்கு ஒரு பக்கம் 20 போதும். எலும்பும் உண்டு என்றால் 25.

இங்கே எங்கள் வீட்டுப் பழைய கத்தியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. அப்பப்பாவின் கொடுவாக்கத்தி. அவர் திண்ணையில் இருந்து கல்லில் கையால் தீட்டுவார். கையால் தீட்டும்போது மணிக்கட்டு ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டம் வருடக்கணக்கில் வாயின் தோளை உருட்டி உருட்டிக் குவியாக்கிவிடும். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. வீடுகளில் இருந்த பழைய கத்திகள் நன்றாக வெட்டியதற்கு "அந்தக் காலத்து இரும்பு" என்று காரணம் சொல்வோம். இரும்பு ஒரு பங்கு. அந்தக் கையாட்டம் இன்னொரு பங்கு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மே மாதத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸ் பொதுமக்களைக் கேட்டது. அன்றாட வேலைக்கான கத்திகளுக்கு அது பொருந்தாது என்றும் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு அந்த இரண்டாவது வரி காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் நம்பிக்கை வரவில்லை. கத்தியைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். நான் மூன்று அலகுகள் அடிப்பித்ததில் குவியை எடுத்துப் பலாக்காயில் வைத்த அன்றுதான் அந்தப் பழைய கை திரும்பி வந்தது. ஆகவே என் தீர்ப்பில் பாசமும் கலந்திருக்கலாம். எண்களையும் தந்திருப்பதால் நீங்களே நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அதையொட்டி ஒரு வேண்டுகோள்: முனை வைத்து அடிப்பிக்காதீர்கள். வெட்டுக்கத்திக்குக் குத்தும் வேலை இல்லை. மொட்டையான நுனி கட்டையில் படும் நீளத்தையும் கூட்டும், ஓட்டோவில் கொண்டுபோகும்போது யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். சாக்கில் நன்றாகச் சுற்றிக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும், அது வேறு.

சரி, மற்ற இரண்டு. குழி இறக்கம் சவரக்கத்திக்கு உரியது. பக்கங்கள் உள்நோக்கிக் குழிந்திருக்கும். 25 செ.மீ. விட்டமுள்ள உருளைக் கல்லில் 25 மி.மீ. உயரத்துக்கு இறக்கினால், வாயிலிருந்து 10 மி.மீ.யில் 1.1 மி.மீ. தான் இருக்கும். முழுத்தட்டையைவிட மெல்லிசு. ஆனால் 20 மி.மீ.யில் அது 3.3 மி.மீ. ஆகிவிடும், முழுத்தட்டை அதே இடத்தில் 2 மி.மீ. அதாவது வேகமாக நுழைந்து, உடனே முட்டி நிற்கும். எலும்பில் வாய்க்கு முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. பெரிய கத்திக்கு வேண்டவே வேண்டாம். பார்க்கப் பளபளவென்று கவர்ச்சியாக இருக்கும் என்பதால் எச்சரிக்கிறேன்.

ஒருபக்க இறக்கம் உளி மாதிரி. ஒரு பக்கம் சரிவே இல்லாத தட்டை, மறுபக்கம் மட்டும் சரிவு. மட்டையைச் சீவிச் சீவி எடுக்கும் வேலைக்கு இது அருமையானது. தட்டைப் பக்கம் காயின்மேல் படிந்து வழுக்கும், சீவல் மறுபக்கமாகக் கழன்று போகும். மரத்தைச் செதுக்கித் தட்டையாக்கும் கோடரிகளுக்கும் இதே வழிதான். ஆனால் நேராகக் கீழே வெட்டினால் தட்டைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் வலக்கைக்கு அடித்தது இடக்கைக்கு ஆகாது. என் மகள் இடக்கைக்காரி. இப்படி ஒரு கத்தியை அவள் கையில் கொடுத்தபோது ஒவ்வொரு வெட்டும் அவள் நினைத்த கோட்டை விட்டு விலகிச் சாய்ந்தது. உடனே வாங்கி வைத்துவிட்டேன். பலபேர் எடுக்கும் வீட்டுக் கத்திக்கு இது கூடாது. நாள் முழுக்க ஒரே ஆள் இளநீர் சீவும் கடைக்கு நல்லது.

மச்சானிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "நீங்களே தீட்டுவீங்களா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, தீட்டுவேன் என்றார். கிழமைக்கு ஒருதரம் பத்து நிமிடம் என்று சொன்னேன். சம்மதித்தார். அப்படியென்றால் குவி. இல்லை என்று சொல்லியிருந்தால் முழுத்தட்டைதான், வாயை மட்டும் 25 பாகையில் வைத்து. அவருடைய வேலையில் பத்தில் எட்டு காய்தான். எலும்புக்காகப் பாதித்தட்டையை எடுத்து, வருடம் முழுக்கப் பூசணியோடு சண்டை பிடிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கம்மாலைக்கு அவர் கொண்டுபோகக் கடதாசியில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: அலகு 28 செ.மீ., அகலம் 6, முதுகு 5 மி.மீ., நுனி மொட்டை. முதுகிலிருந்தே குவியாக இறக்கவும். கூர் வைக்கும் முன் வாய் அரை மி.மீ., அதிலிருந்து 10 மி.மீ. மேலே 2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. வாய்க்கு மட்டும் பதம், முதுகுக்கு வேண்டாம், ஏனென்றால் அந்த முதுகால்தான் வீட்டில் தேங்காய் உடைப்பார்கள். பிடியைப் போடும் முன், கூர் வைத்த வாயைப் பித்தளைக் கம்பி ஒன்றின்மேல் மெதுவாக அழுத்திப் பார்க்கச் சொன்னேன். வளைந்து திரும்பி நேராக வந்தால் பதம் சரி, வளைந்தபடியே நின்றால் மென்மை, உதிர்ந்தால் இன்னும் தணிக்க வேண்டும். "பாஸ் கோவிச்சுக்கொள்ள மாட்டாரா?" என்று கேட்டார். என் மூன்று அலகுகளையும் அடித்த அதே பாஸ்தான், இதையெல்லாம் இப்போது அவரே விரும்பிச் செய்வார் என்றேன். தடிப்பு அளக்கும் வேர்னியரை மச்சான் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.